உறுமலும் உபநிடதமும்

ஹெவி மெட்டல் என்றதும் நம்மவர்களிடம் ஒரு வார்த்தை தயாராக இருக்கிறது: இரைச்சல். அதில் உபநிடதம் என்று சொன்னால் அடுத்த வார்த்தை வரும்: அபச்சாரம். இங்கே சிங்கப்பூரில் ருத்ரா குழுவைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் கேட்பது இந்த இரண்டும்தான்.

நம் இந்திய வம்சாவளிப் பையன்கள் 1992-ல் தொடங்கிய குழு. முதல் ஆல்பம் 1998-ல். ஆனால் கேட்க வேண்டியது 2005-ல் வந்த 'பிரம்மவித்யா: ப்ரைமார்டியல் ஐ'. அந்த 'ஐ'யை ரோமன் எண் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். அது 'நான்'. உபநிடதம் தேடுகிற அதே 'நான்'. 2009, 2011 என்று மேலும் இரண்டு ஆல்பம் போட்டு மூன்று பாகமாக முடித்தார்கள். பாடுகிற, பேஸ் கிதார் வாசிக்கிற கதிர், வேதாந்தம் முறையாகப் படித்தவர். அட்டைப்பட அலங்காரத்துக்காக வேதாந்தத்தைத் தொட்டவர்கள் ஆறு வருஷம் அதையே பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சரி, சத்தம்? எங்கள் பாலாற்றைத் தாண்டினால் மாதேஸ்வரன் மலை. அந்தச் சாமியின் கதையைப் பக்தர்கள் கம்சாளே என்ற வெண்கலத் தாளத்தை வீசி வீசித் தட்டித்தான் பாடுவார்கள். காதைப் பொத்திக்கொண்டு கேட்கிற பக்தி இல்லை அது. நம் உறுமிக்குப் பெயரிலேயே உறுமல் இருக்கிறது. 'ருத்ர' என்ற சொல்லுக்கே அலறுபவன் என்று ஒரு பொருள் உண்டு. சிங்கப்பூர் தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் வாத்தியங்களுக்குத் தடை இருந்தது. 2016-லிருந்துதான் அது படிப்படியாகத் தளர்ந்தது. நம் மேளத்தை மற்றவர்கள் இரைச்சல் என்றால் நமக்கு வலிக்கிறது. அதே வார்த்தையை நம் வீட்டுப் பையன்கள் மேல் நாமே வீசலாமா?

குறை சொல்லவே கூடாது என்று சொல்லவில்லை. எனக்கும் ஒன்று உண்டு. 2001-ல் வந்த ஆல்பத்துக்கு 'தி ஆர்யன் க்ரூசேட்' என்று பெயர் வைத்தார்கள். வடமொழியில் 'ஆர்ய' என்றால் மேன்மையான என்று பொருள், சரி. ஆனால் ஹிட்லருக்குப் பிறகு உலகத்துக்கும், திராவிட இயக்கத்துக்குப் பிறகு தமிழனுக்கும் அது வெறும் அகராதிச் சொல் இல்லை. அந்தத் தலைப்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது. பாட்டெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும்தானா என்ற ஆதங்கமும் உண்டு. திருமந்திரம் இந்த இசையைத் தாங்காதா என்ன?

இப்படிச் சண்டை போடலாம். சொல்லை வைத்து, பொருளை வைத்து. ஆனால் அதற்கு முதலில் பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை முழுசாகக் கேட்க வேண்டும். கேட்காமலேயே இரைச்சல் என்று எழுந்து போவது விமர்சனம் இல்லை.