நிபந்தனையோடு கொடுத்த வாக்கு



அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த பிள்ளைகளின் வீடுகளில் டிசம்பர் மாதத்தில் ஒரு கவலை எழுவதுண்டு. அங்கு குடியிருக்கும் நம் உறவினர் வீடுகளுக்கும், இங்கிருந்து விண்ணப்பிக்கும் வீடுகளுக்கும் இது பொது. "இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். இப்போது காசு போதாது. விலகினால் வாக்கு மாறிய பாவம் சேருமா?"

முதலில் விடயத்தை விளங்கிக் கொள்வோம். 'ஏர்லி டிசிஷன்' என்பது முற்கூட்டிய விண்ணப்பம். நவம்பர் மாதத்தில் ஒரேயொரு கல்லூரிக்கு மட்டும் இவ்வாறு விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாகவும், மற்ற விண்ணப்பங்களை மீளப் பெறுவதாகவும் மாணவர், பெற்றோர், பாடசாலை ஆலோசகர் ஆகியோர் கையொப்பமிட வேண்டும். டிசம்பர் நடுப்பகுதியில் முடிவு வரும்.

ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்குர்ஆன் (5:1) ஏவுகிறது. வாக்குறுதி பற்றி விசாரிக்கப்படும் என்றும் (17:34) எச்சரிக்கிறது. எனவே இக்கையொப்பம் விளையாட்டல்ல. யாரும் வழக்குப் போடப் போவதில்லை என்பதற்காக ஒரு முஃமின் அதை இலேசாக எண்ண முடியாது.

ஆனால் அந்தப் படிவத்தை முழுமையாக வாசியுங்கள். பணவுதவி கேட்டு விண்ணப்பித்தவருக்கு, சேர்ந்து படிக்க இயலுமான அளவு உதவி கிடைக்காவிட்டால், அவர் இடத்தை மறுத்துப் பொறுப்பிலிருந்து விடுபடலாம் என்ற நிபந்தனையும் வழக்கமாக அதில் இருக்கும்.

ளுபாஆ பின்த் ஸுபைர் (ரழி) அவர்கள் ஹஜ் செய்ய விரும்பினார்கள். ஆனால் நோயுற்றிருந்தார்கள். தடை ஏற்படும் இடத்தில் இஹ்ராமிலிருந்து விடுபடுவேன் என்று முன்பே நிபந்தனையிட்டுக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கூறினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்சம்பவம் உண்டு. வணக்கத்திலேயே இப்படியென்றால், இரு தரப்பும் ஏற்ற நிபந்தனையின்படி விலகுவது எப்படி வாக்கு மீறலாகும்?

எனினும் மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, இயலாமை உண்மையாக இருக்க வேண்டும். வேறொரு கல்லூரி மனதுக்குப் பிடித்துவிட்டதால் "காசில்லை" என்று சொல்வது பொய். வாக்கு மாறுவதோடு பொய்யும் சேர்ந்து கொள்கிறது.

இரண்டு, பணவுதவி தேவையென்று ஆரம்பத்திலேயே எழுதுங்கள். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டு "தேவையில்லை" என அடையாளமிட்டால் அந்த நிபந்தனை உங்களுக்குப் பயன்படாது. முதலில் கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பின்னர் உதவி வழங்காத கல்லூரிகள் பல.

மூன்று, தாமதிக்காதீர்கள். பணவுதவிக் கடிதம் வந்ததும் கணக்குப் பாருங்கள். போதாவிட்டால் கூட்டித் தருமாறு ஆவணங்களோடு கேளுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் எழுத்து மூலம் விலகுங்கள், பாடசாலை ஆலோசகருக்கும் அறிவியுங்கள். பல கல்லூரிகளின் வழமையான விண்ணப்பத் திகதி ஜனவரி தொடக்கத்திலேயே முடிந்துவிடும்.

இவை எல்லாவற்றையும் விடச் சிறந்தது, கையொப்பமிடும் முன்பே கணக்குப் பார்ப்பது. 2011 முதல் அமெரிக்கக் கல்லூரிகள் தம் இணையத்தளத்தில் செலவுக் கணிப்பானை வைத்திருப்பது சட்டம். அது பெரும்பாலும் அந்நாட்டவருக்கே பொருந்தும் என்பதால், இங்கிருந்து விண்ணப்பிப்போர் பணவுதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பது நல்லது. கட்டாயமில்லாத முற்கூட்டிய விண்ணப்பமும் உண்டு. ஹாவர்டும் பிரின்ஸ்டனும் வசதி குறைந்தோருக்குப் பாதகம் என்று 2006 இல் முற்கூட்டிய அனுமதியை நிறுத்துவதாக அறிவித்தன. 2011 இல் மீண்டும் தொடங்கியபோது கட்டாயமில்லாத முறையையே வைத்தன.

தாய்மாரே! மானம் போய்விடும் என்று அஞ்சி, வீட்டை ஈடு வைத்து வட்டிக்குக் கடன் எடுக்காதீர்கள். இயலாததை இயலாது என்று உரிய நேரத்தில், உண்மையாகச் சொல்வதில் இழிவில்லை. அதைப் பார்த்து வளரும் பிள்ளை, நேர்மையை உங்களிடமே படித்துவிடுகிறது.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் அதற்கான ஹலாலான வழியையும் தந்தருள்வானாக! ஆமீன்.