சொந்த வீட்டு ஜன்னலை மாத்தினா ஜெயிலா?

குளிர் தாங்கலைன்னு பழைய மர ஜன்னலைக் கழற்றிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டுறீங்க. இங்கிலாந்தில், பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையை அனுமதியில்லாமல் இப்படி மாற்றுவது கிரிமினல் குற்றம். 1990-ம் ஆண்டு சட்டப்படி, 2 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைகூட கிடைக்கலாம்.

ஏன் இவ்வளவு கறார்? பாத் நகரின் ராயல் கிரசென்ட்டைப் பாருங்க. 30 வீடுகள் ஒட்டி ஒட்டி, பிறை மாதிரி வளைஞ்சு நிக்குது. ஒருத்தர் ஜன்னலை மாத்தினாலும் மொத்த வரிசையோட முகமும் கெட்டுடும்.

ஆனா அழகு ஊருக்கு, ஹீட்டிங் பில் மட்டும் வீட்டுக்காரருக்கா? நியாயமான கேள்விதான். அதுக்கு நடுவழி இருக்கு. பழைய ஜன்னலைப் பழுதுபார்த்து, உள்பக்கம் இன்னொரு கண்ணாடித் தடுப்பு பொருத்தலாம்.

அங்கே வீடு வாங்கப் போறீங்களா? பழைய ஓனர் அனுமதியில்லாம மாத்தியிருந்தாலும், சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். சாவி வாங்குறதுக்கு முன்னாடி ஜன்னலுக்கான அனுமதிக் கடிதத்தைக் கேளுங்க.