கொட்டுக்கு மட்டும் லைசன்ஸ்

நியூயார்க்கில் இன்னிக்கு ராத்திரி எந்த கிளப்பில் யார் ஜாஸ் கச்சேரி என்று பத்திரிகைகள் பட்டியல் போடுகின்றன. பேரு, நேரம், டிக்கெட் விலை எல்லாம் இருக்கும். வாசிக்க விடாமல் துரத்தப்பட்டவன் பேரு எந்தப் பட்டியலிலும் வராது.

1926இல் அந்த நகரம் கேபரே சட்டம் போட்டது. சாப்பாடு, மது விற்கிற இடத்தில் பாட்டு, ஆட்டம் என்றால் லைசன்ஸ் வேணும். பிற்பாடு ஒரு சலுகை. யாருக்கு? பியானோவுக்கும் தந்திக் கருவிகளுக்கும். டிரம்ஸ், சாக்ஸபோன், டிரம்பெட் எல்லாம் வெளியே நில்லு! கருப்பர் இசையின் மூச்சும் துடிப்பும் எதுவோ, அதுக்குத்தான் கதவடைப்பு. பறையைத் தீட்டென்று தள்ளி வீணையை மடியில் வைத்துக்கொண்ட சமூகத்தில் பிறந்த நமக்கு இதை விளக்கணுமா என்ன?

1940 முதல் 1967 வரை கலைஞர்களுக்கும் கைரேகை வைத்துப் போலீஸ் கொடுக்கிற அட்டை. போதைமருந்து வழக்கில் 1947இல் தண்டிக்கப்பட்ட பில்லி ஹாலிடே அதை இழந்தார். அடுத்த வருசம் கார்னகி ஹாலில் பாடினார். கிளப்பில் பாடும் அட்டை மட்டும் 1959இல் சாகும்வரை திரும்பவில்லை. தெலோனியஸ் மாங்க் பியானோக்காரர். 1951 முதல் ஆறு வருசம் அவருக்கும் அட்டை இல்லை. கருவி தப்பினாலும் ஆள் தப்பலை.

'கருப்பன் வாசிக்காதே' என்று எங்கேயும் எழுதவில்லை. ஒரு படிவம், ஒரு முத்திரை, அவ்வளவுதான். பேங்க் கவுண்டரில் முத்திரை குத்துகிற எனக்கு அதன் பலம் தெரியும்.

2017இல் சட்டத்தை ரத்து செய்தார்கள். 91 வருசத்து ராத்திரிகளை யார் திருப்பித் தருவது? தோழர்களே, கச்சேரிப் பட்டியல் எந்த ஊருடையதானாலும், யார் பாடுகிறார் என்பதோடு நிறுத்தாதீர்கள். லைசன்ஸ் யார் கையில் என்றும் கேளுங்கள்.