அடுப்படித் துணிக்கு ஓரப் பட்டி

சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் வழியிலே, களப்பை அண்டிக் கிடக்கும் முந்தலும் சுற்றுப்புறமும் தென்னை மலிந்த இடங்கள். சிரட்டையும் பொச்சும் மட்டையும் இன்றும் அங்குப் பல வீடுகளில் அடுப்பெரிக்கின்றன. சிரட்டைத் தீயின் சூடு எத்தகையதென்று சகோதரிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொதிக்கும் மீன்சட்டியை இறக்கும் வேளையில் கைக்கு அகப்படுவது எது? பெரும்பாலும் சேலைத் தலைப்பே. பருத்திச் சேலையே தீப்பற்றும். பொலியெஸ்டர் சேலையோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

சட்டி பிடிக்கத் துணி இல்லாத வீடு உண்டா? உண்டுதான் துணி, ஆனால் இரண்டு மாதத்தில் அதன் ஓரம் பிரிந்து, நூல் தொங்கி, அந்த நூலிலேயே தீப்பொறி பற்றுகிறது. பிறகு அது மூலைக்குப் போகிறது. கை மறுபடியும் தலைப்பை நாடுகிறது. ஆகையால் ஓரம் கட்டுவதை வெறும் அலங்கார வேலை என்று நாம் கருதுவதற்கில்லை.

8 அங்குலச் சதுரமாகப் பருத்தித் துணி இரண்டு, நடுவே பழைய துவாயில் வெட்டிய துண்டு இரண்டு. இவற்றை அடுக்கி, அங்குலத்துக்கொரு வரியாகத் தைத்துக்கொண்டால் மெத்தை ஆயிற்று. வங்கப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கிக் காந்தா தைப்பதும் இவ்வாறே. 1977க்குப் பின் நம் நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகியதால் வெட்டுத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை நம்பிவிடலாகாது. ஓர் இழையை உருவித் தீயிற் காட்டுக: காகிதம்போல் எரிந்து சாம்பலானால் பருத்தி, உருகி மணியாகத் திரண்டால் அதனை அடுப்படிக்குக் கொணரவே வேண்டாம். கடையில் விற்கும் பளபளப்பான நாடாவும் பெரும்பாலும் இவ்வினத்ததே.

இனிப் பட்டி. துணியின் மூலையை எதிர் ஓரத்தோடு சேர மடித்தால் ஒரு சாய்வுக்கோடு விழும் அன்றோ? அக்கோட்டை ஒட்டி வெட்டுவதே சரிவுப் பட்டி. தையற்காரர் கிராஸ் பட்டி என்பர். நேராக வெட்டிய பட்டியில் மடிப்பின் தேய்மானம் முழுவதும் ஓரிரண்டு இழையின் மேலேயே விழும். சரிவாக வெட்டியதிலோ பல இழைகள் குறுக்கே சென்று அதனைப் பங்கிட்டுக்கொள்ளும். அகலம் 3 அங்குலம் இருக்கட்டும். துணியை மிச்சம் பிடிக்க எண்ணி 2 அங்குலம் வெட்டினால், மெத்தையின் தடிப்பைத் தாண்டிப் பின்புறம் எட்டாது. நீளம் 40 அங்குலம் போதும். துண்டுகளை இணைக்கும்போது சாய்வாக இணைத்தால் முடிச்சுப்போல் தடிக்காது.

பட்டியை நீளவாட்டில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, வெட்டிய ஓரங்கள் மெத்தையின் ஓரத்தோடு பொருந்த முன்புறம் வைத்து, ⅜ அங்குலம் உள்ளே தைத்து வருக. தொடக்கம் ஒரு பக்கத்தின் நடுவிலே இருக்கட்டும். மூலையில் தொடங்கினால் அங்கே தடிப்பு இரட்டிக்கும்.

மூலைதான் பலருடைய பொறுமையைச் சோதிக்குமிடம். மூலைக்கு ⅜ அங்குலம் இருக்கும்போதே தையலை நிறுத்திப் பூட்டிவிடுக. பட்டியை மேல்நோக்கி நிமிர்த்தி, அடுத்த பக்கத்துக்கு நேராகக் கொணர்ந்து, பின்னர் மடிப்பு மேலோரத்தோடு சமமாக நிற்குமாறு கீழே இறக்கி, அவ்வோரத்திலிருந்தே தைக்கலாம். புரட்டிப் பார்த்தால் மூலை சட்டம் அடித்ததுபோல் சாய்மடிப்பாக விழுந்திருக்கும். வட்ட மூலை விரும்புவோர் பட்டியை இழுக்காமல் சற்றுத் தளர்த்தி விடுக; இழுத்தால் துணி கிண்ணம்போற் குவியும்.

பின்புறத்தைப் பொறியில் தைக்காமல் கையாலேயே முடிப்பது நம் விருப்பம். முதற்றையலை மறைத்து மடிப்பை வைத்து, ஊசி முன்புறம் எட்டாதபடி நெருக்கமாகத் தைத்தால் எந்த இடமும் விட்டுப்போகாது. பொறியோட்டத்தில் ஓரங்குலம் தவறினாலும் பிரிவது அங்கேதான். 5 அங்குலத் துண்டொன்றில் வளையம் செய்து மூலையிற் சேர்த்துவிடுக.

துவைத்த துணியை நன்றாக உலர்த்தியே எடுத்தாளுக. களப்புக்காற்று வீசும் ஊர்களில் உலர்ந்ததாகத் தோன்றும் துணியிலும் ஈரம் நிற்கும். ஈரத்துணி சூட்டைத் தடுப்பதற்கு மாறாக ஆவியாக்கிக் கைக்கே அனுப்பும். அடுப்புக்கு எட்டாத, ஆனால் கைக்கு எட்டும் ஆணியில் அது தொங்கட்டும்.