மேடைக்கு வராதவர் ஜெயித்தார்!

கணியம்பாடிக்காரர்களுக்கு அமெரிக்கத் தேர்தலில் ஓட்டு இல்லை. ஆனால், அமெரிக்காவில் யார் ஜனாதிபதி ஆகிறார் என்பது வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிலாளியின் வீட்டு அடுப்பு வரை வந்து சேருகிறது.

நம் நாட்டில், யார் தேர்தலில் நிற்பது என்பதைக் கட்சித் தலைமை தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் அப்படி அல்ல. முதலில் ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் மோத வேண்டும். மாகாணம் மாகாணமாக ஓட்டெடுப்பு நடக்கும். அதில் ஜெயிப்பவரே கட்சியின் வேட்பாளர். அதற்கு முன்னால், போட்டியிடுகிறவர்கள் ஒரே மேடையில் நின்று வாதாடுவார்கள்.

2023 ஆகஸ்டு 23-ந்தேதி இரவு, மில்வாக்கி நகரில் குடியரசுக் கட்சியின் முதல் விவாதம் நடந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் டெலிவிஷனில் பார்த்தார்கள். இங்கே அப்போது மறுநாள் காலை 6.30 மணி. முந்தின மாலைதான் சந்திரயான் நிலவில் இறங்கியிருந்தது. மில்வாக்கியை யார் கவனித்தார்கள்!

மேடையில் 8 பேர். அவர்களில் இருவர் இந்திய வம்சாவளி. ஒருவர் நிக்கி ஹேலி. பெற்றோர் பஞ்சாபிலிருந்து போனவர்கள். மற்றவர் விவேக் ராமசாமி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். உக்ரைன் யுத்தம் பற்றி இருவருக்கும் காரசாரமான சண்டை. உக்ரைனுக்கு மேலும் உதவக் கூடாது என்றார் ராமசாமி. "வெளிநாட்டு விவகாரத்தில் இவருக்கு அனுபவமே இல்லை" என்ற பொருளில் ஹேலி குத்திக் காட்டினார். கூட்டத்தில் கைதட்டல்!

வேலூர் என்றதும் தமிழ்!

ராமசாமி பேச்சில் கெட்டிக்காரர். அந்த ஆண்டு பிரசாரத்தில், தாம் வேலூர்க்காரர் என்று ஒருவர் சொன்னதும், அவர் தமிழிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். அந்தப் படத்தைப் பலரும் செல்போனில் பார்த்து மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டியதுதான். ஆனால், தமிழ் பேசுகிறவர் நம் செருப்புக்கு வரி போட மாட்டார் என்று எழுதியா கொடுத்தார்? யார் நன்றாகப் பேசினார் என்று மார்க் போடுவது பட்டிமன்றத்துக்குச் சரி.

வராத ஆள்

மாஜி ஜனாதிபதி டிரம்ப் அந்த மேடைக்கு வரவே இல்லை. கருத்துக் கணிப்புகளில் மற்றவர்களை விட வெகுதூரம் முன்னால் இருந்தார். வரத் தேவையில்லை என்று இருந்துவிட்டார். அதே மாதம் வேறொரு டெலிவிஷன் பேட்டியில் அவர் ஒரு யோசனை சொன்னார். எந்த நாட்டிலிருந்து சரக்கு வந்தாலும் 10 சதவிகிதம் வரி போடலாம் என்பது அது. தோல் வட்டாரம் காது கொடுத்துக் கேட்க வேண்டிய பேச்சு அதுதான். மேடைச் சண்டையின் இரைச்சலில் அது இங்கே யார் காதிலும் விழவில்லை.

மொத்தம் 5 விவாதங்கள் நடந்தன. ஒன்றுக்கும் டிரம்ப் வரவில்லை. 2024 ஜனவரி 15-ந்தேதி ராமசாமி விலகினார். மார்ச் 6-ந்தேதி ஹேலி விலகினார். நவம்பரில் டிரம்ப் ஜெயித்தார்.

2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு முதலில் 25 சதவிகிதம் வரி விழுந்தது. ரஷிய எண்ணெய் வாங்கியதற்காக இன்னொரு 25. ஆகஸ்டு 27-ல் அது மொத்தம் 50 சதவிகிதம் ஆனது. வழக்கமான சுங்கவரி தனி.

அப்போது ஆம்பூரிலிருந்து 2,000 ரூபாய்க்குப் போன ஒரு ஜோடி ஷூவுக்கு, துறைமுகத்தில் மேலும் 1,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது என்று கணக்கு. கட்டுகிறவர் அமெரிக்க வியாபாரி. ஆனால் அவர் சும்மா கட்டுவாரா? "விலையைக் குறை, இல்லாவிட்டால் வியட்நாமில் வாங்கிக்கொள்கிறேன்" என்பார். வியட்நாம் சரக்குக்கு அப்போது அந்த வரி 20 சதவிகிதம்தான்.