வேகத்தைக் கேட்கும் நாம், இணைப்பின் வகையைக் கேட்கிறோமா?

இணையம் மெதுவானால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? கைப்பேசியை எடுத்து வேகச் சோதனை நடத்துகிறோம். "100 எம்பிபிஎஸ் காட்டுகிறது, ஆனால் கோப்பு மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது" என்று புலம்புகிறோம். அடுத்த மாதம் அதைவிடப் பெரிய பேக்கேஜுக்கு மாறுகிறோம். வீட்டில் இதனால் பெரிய நட்டம் இல்லை. ஆனால் கணினி வலையமைப்புத் துறையில் டிப்ளோமாவோ பட்டமோ படிக்கும் மாணவர்களும் இதே பழக்கத்தோடு வேலைக்குப் போனால், அது அவர்களுக்கே பாதகமாக முடியும்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தார். அந்த நிறுவனத்தின் சர்வர் ஐரோப்பாவில் இருந்தது. வேகம் போதவில்லை என்று அலுவலகம் இரண்டாவது இணைய லைன் ஒன்றை வாங்கியது. விந்தை என்னவென்றால், அதற்குப் பிறகு சரக்குப் பத்திரங்கள் முன்பைவிட மெதுவாகத் திறந்தன. லைனின் வேகத்தைக் கூட்டினார்கள். பலன் இல்லை.

அங்கிருந்த வலையமைப்புக் கருவியின் திரையில் இணைப்புகளின் பட்டியல் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். நிறைய இணைப்புகள் 'பாஸ்-த்ரூ' என்றும், சில 'ஹாஃப்-ஓப்பன்' என்றும் காட்டுவதை அந்த இளைஞர் முதல் வாரமே கவனித்துவிட்டார். ஆனாலும் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. "எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ" என்ற தயக்கம். கடைசியில் ஒருநாள், "சார், இது ஏன் இப்படிக் காட்டுகிறது?" என்று கேட்டார். மேலதிகாரி திரையைப் பார்த்தார். "தம்பி, இதை முதல் வாரமே கேட்டிருக்கலாமே" என்றார். சிக்கலின் வேர் அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

தூரம் என்ற தடை

அந்தக் கருவியின் பெயர் 'வான் ஆப்டிமைசர்'. இங்கே வான் என்பது ஆகாயம் அல்ல. தொலைவில் உள்ள அலுவலகங்களை இணைக்கும் பரந்த பரப்பு வலையமைப்பின் ஆங்கிலச் சுருக்கம். இந்தக் கருவி ஏன் தேவை என்பதை ஒரு சின்னக் கணக்கில் புரிந்துகொள்ளலாம்.

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குத் தகவல் போய்த் திரும்ப 5 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்ப 200 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம். நம் கோப்புகளைச் சுமந்து செல்லும் டிசிபி என்ற நெறிமுறை, ஒரு பங்கை அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். அந்தப் பங்கின் அளவு 64 கிலோபைட் என்றால், 5 மில்லிவினாடித் தூரத்தில் விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் அனுப்பலாம். 200 மில்லிவினாடித் தூரத்தில் விநாடிக்குச் சுமார் 2.6 மெகாபிட் மட்டுமே போகும். லைன் 1 ஜிபிபிஎஸ் ஆனாலும் இந்த எண் மாறாது!

இன்றைய இயங்குதளங்கள் அந்தப் பங்கின் அளவைத் தாமாகவே கூட்டிக்கொள்கின்றன. ஆனால் வழியில் சில பேக்கெட்டுகள் தொலைந்தால் அளவு மீண்டும் சுருங்கிவிடும். நம் வேகச் சோதனை பெரும்பாலும் அருகிலுள்ள சர்வரையே தேர்ந்தெடுக்கிறது. அதனால்தான் சோதனையில் வேகம், வேலையில் மந்தம் என்ற முரண்பாடு.

ஆப்டிமைசர் இங்கேதான் உதவுகிறது. இரு முனையிலும் ஒவ்வொரு கருவி வைக்கப்படும். ஒருமுறை அனுப்பிய தகவல் துண்டுகளை இரண்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். அதே படிவம் மறுநாள் போகும்போது, மாறிய பகுதியையும் பழைய துண்டுகளுக்கான சிறு குறிப்பையும் மட்டும் அனுப்பும். காத்திருக்கும் நேரத்தையும் குறைக்கும்.

பட்டியல் சொல்லும் கதை

இப்போது அந்தத் திரைக்கு வருவோம். பெயர்கள் கருவிக்குக் கருவி சற்று மாறும். அடிப்படை ஒன்றே.

'ஆப்டிமைஸ்டு' என்றால், இரு முனைக் கருவிகளும் ஒன்றையொன்று கண்டுகொண்டு அந்த இணைப்பை ஏற்று நடத்துகின்றன. பயனருக்கு ஒரே இணைப்பாகத் தெரிவது, உள்ளே மூன்று இணைப்புகளாகப் பிரிந்திருக்கும்: கணினிக்கும் அருகிலுள்ள கருவிக்கும் ஒன்று, இரு கருவிகளுக்கும் இடையே ஒன்று, தொலைவிலுள்ள கருவிக்கும் சர்வருக்கும் ஒன்று.

'பாஸ்-த்ரூ' என்றால், கருவி தொடாமல் அப்படியே விட்டுவிட்ட இணைப்பு. இதில் இரண்டு வகை உண்டு. நிர்வாகி விதி எழுதி விட்டது ஒன்று. இணையத் தொலைபேசி உரையாடல் போன்றவற்றை இப்படி விடுவது வழக்கம். கருவி முயன்றும் முடியாமல் விட்டது மற்றொன்று. முதலாவது ஒரு முடிவு. இரண்டாவது ஒரு கோளாறின் அறிகுறி. இரண்டையும் ஒன்றாக நினைப்பதே புதியவர்கள் செய்யும் தவறு.

ஏன் முடியாமல் போகிறது? எதிர்முனைக் கருவியைத் தேட, இணைப்பின் முதல் பேக்கெட்டில் ஒரு சிறு அடையாளம் வைத்து அனுப்பும் கருவிகள் உண்டு. வழியில் உள்ள ஃபயர்வால் அந்த அடையாளத்தை நீக்கிவிட்டால் எதிர்முனைக்குச் செய்தி போய்ச் சேராது.

'ஹாஃப்-ஓப்பன்' என்பது பாதியில் நிற்கும் கைகுலுக்கல். தொலைபேசியில் "ஹலோ" என்கிறோம். அங்கிருந்து "ஹலோ, கேட்குதா?" என்று வர வேண்டும். நாம் "கேட்குது" என்றால்தான் பேச்சு தொடங்கும். டிசிபி இணைப்பும் இந்த மூன்று படிகளில்தான் தொடங்குகிறது. முதல் "ஹலோ" போய், பதில் வராமல் நிற்பதே ஹாஃப்-ஓப்பன். சர்வர் இயங்காமல் இருக்கலாம், வழியில் தடை இருக்கலாம், அல்லது பதில் வேறு வழியாக வந்திருக்கலாம்.

போர்ட் கிள்ளான் அலுவலகத்தில் நடந்தது இந்த மூன்றாவது காரணம்தான். கேள்வி பழைய லைன் வழியாக, கருவியைக் கடந்து போனது. பதில் புதிய லைன் வழியாக, கருவியைத் தொடாமல் வந்தது. கிள்ளான் நிலையத்தில் ஒருவர் யார் போகிறார், யார் திரும்புகிறார் என்று குறித்துக்கொண்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரலுக்குப் போய், பேருந்தில் வீடு திரும்பினால், அவருடைய குறிப்பேட்டில் நீங்கள் இன்னும் திரும்பவே இல்லை! கருவியின் நிலையும் அதுவே. பாதியை மட்டும் பார்த்த இணைப்பை அது எப்படி மேம்படுத்தும்? இரண்டு லைன்களையும் கருவி வழியாகச் செல்லும்படி அமைத்ததும் சிக்கல் தீர்ந்தது. புதிய லைன் வாங்கிய பணத்துக்கும் அன்றுதான் பலன் கிடைத்தது.

ஏன் என்று கேட்டவர்கள்

இது இன்று தொடங்கிய பாடம் அல்ல. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் கலிபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி வளாகத்திற்கும் இடையே இணைய வேகம் விநாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்குச் சரிந்தது. இரண்டுக்கும் இடையே 400 கஜத் தூரம்தான்! வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர், நெரிசலில் டிசிபி எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ந்து, அதன் நடத்தையைத் திருத்தும் வழிகளை 1988இல் வெளியிட்டார். இன்றைய இணையம் நெரிசலில் முடங்காமல் ஓட அந்தப் பணியே அடித்தளம். அதே ஆய்வுக்கூடத்தில் அவரோடு சேர்ந்து பேக்கெட்டுகளைப் படிக்கும் மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர் ஸ்டீவ் மெக்கேன். அவர் 2002இல் இணைந்து தொடங்கிய ரிவர்பெட் நிறுவனம்தான் ஆப்டிமைசர் கருவிகளுக்குப் பெயர் பெற்றது.

"கிளவுட் வந்துவிட்டது, எல்லாத் தகவலும் குறியாக்கம் ஆகிவிட்டது. இந்தப் பழைய கருவிகளைப் படித்து என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குறியாக்கம் செய்த தகவலில் திரும்ப வரும் துண்டுகளைக் கருவியால் இனங்காண முடியாது. அதற்குரிய சான்றிதழையும் சாவியையும் அதனிடம் ஒப்படைத்தால்தான் முடியும். பல நிறுவனங்கள் எஸ்டி-வான் முறைக்கும் மாறிவிட்டன. கருவிகள் மாறட்டும். இணைப்பு எந்த வழியாகப் போனது, பதில் எந்த வழியாக வந்தது, எந்தப் படியில் நின்றது என்ற கேள்விகள் மாறவில்லை. இரண்டு மூன்று லைன்களை ஒன்றாக ஆளும் இன்றைய அமைப்புகளில் அவற்றின் தேவை கூடத்தான் செய்கிறது.

என் ஆதங்கம் இதுதான். பழைய தேர்வுக் கேள்விகளை மனனம் செய்து சான்றிதழ் வாங்கும் பழக்கம் நம் மாணவர்களிடையே இருக்கிறது. "பாஸ்-த்ரூ என்றால் என்ன?" என்ற கேள்விக்கு அவர்கள் சரியான விடையைக் கட்டத்தில் குறித்துவிடுவார்கள். "இந்த இணைப்பு ஏன் பாஸ்-த்ரூ ஆனது?" என்று நேர்முகத்தேர்வில் கேட்டால் திகைப்பார்கள். சைபர்ஜெயாவிலும் கோலாலம்பூரிலும் உள்ள வலையமைப்புக் கண்காணிப்பு மையங்கள் சம்பளம் கொடுப்பது இரண்டாவது கேள்விக்குத்தான். கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் செய்முறைத் தேர்வில் வேண்டுமென்றே ஒரு கோளாறை வைத்து, காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். வரையறை எழுதுவதற்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தால் இந்தத் திகைப்பு தீராது.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். உங்கள் விண்டோஸ் கணினியில் 'நெட்ஸ்டாட்' என்ற கட்டளையைத் தட்டிப் பாருங்கள். நிலைபெற்ற இணைப்புகள், மூடக் காத்திருப்பவை என ஒவ்வொன்றின் நிலையும் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் 'வயர்ஷார்க்' மென்பொருளில் அந்த மூன்று படிக் கைகுலுக்கலைக் கண்ணாலேயே பார்க்கலாம். எஸ்பிஎம் கணினி அறிவியல் எடுக்கும் மாணவரும் ஒரு சனிக்கிழமை மாலையில் செய்துவிடலாம். உங்கள் சொந்தக் கணினியில், உங்கள் சொந்த இணைப்பில் மட்டும் செய்யுங்கள்.

பார்த்ததில் ஏதாவது புரியவில்லையா? கேளுங்கள். ஆசிரியரிடம் கேளுங்கள், அண்ணன் அக்காவிடம் கேளுங்கள், பயிற்சிக்குப் போகும் இடத்தில் மேலதிகாரியிடம் கேளுங்கள். அந்த இளைஞர் மூன்று வாரம் தயங்கியபோது ஓர் அலுவலகமே மெதுவாக ஓடியது. தெரியவில்லை என்று கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை, மாணவர்களே.