இரட்டைக் காவல் எதற்கு?

குடல்வால் வெடித்து அறுவைச் சிகிச்சைக்கு வந்தவருக்குப் பிப்பராசில்லின்-டாசோபாக்டம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஏறுகிறது. பக்கத்திலேயே இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லியான மெட்ரோனிடசோல் பாட்டிலும் தொங்குகிறது. கேட்டால், "எதற்கும் இருக்கட்டும்" என்பார்கள். இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நம் பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை ஆக்ஸிஜன் இல்லாமல் வாழ்பவை. குடல் கிழிந்தால் இவை வயிற்றுக்குள் கசிந்து சீழ் கட்டும். பாக்டீராய்டஸ் ஃபிராஜிலிஸ் இவற்றில் முக்கியமானது. எந்த மருந்து எடுபடும் என்பதை இவற்றின் வாழ்க்கைமுறையே தீர்மானிக்கிறது. ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற மருந்துகள் கிருமிக்குள் நுழைய ஆக்ஸிஜனைச் சார்ந்த இயக்கம் தேவை. அது இல்லாத கிருமியிடம் அவை வாசலோடு நின்றுவிடும். மெட்ரோனிடசோல் இதற்கு நேரெதிர். காற்றில்லாக் கிருமிக்குள் போன பிறகே அது நஞ்சாக மாறி டிஎன்ஏவைச் சிதைக்கும். ஈ.கோலை போன்ற காற்றில் வளரும் கிருமிகளிடம் அதை நம்ப முடியாது.

காற்றில்லாக் கிருமிகளைக் கொல்லும் அதன் திறமை தெரியவந்ததே தற்செயலாகத்தான். டிரைக்கோமோனஸ் தொற்றுக்காக மெட்ரோனிடசோல் எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு ஈறுப்புண்ணும் ஆறியதை 1962-இல் டி.எல்.எஸ். ஷின் 'லான்செட்' இதழில் எழுதினார். பாக்டீராய்டஸ் இன்றும் மெட்ரோனிடசோலுக்குப் பெருமளவு கட்டுப்படுகிறது. ஆனால், ஆக்டினோமைசஸ் அதற்கு மசியாது. ஒருகாலத்தில் முதல் தேர்வாக இருந்த கிளிண்டமைசின், பாக்டீராய்டஸ் அதை எதிர்க்கப் பழகியதால் வயிற்றுத் தொற்றில் செல்வாக்கை இழந்தது. பிப்பராசில்லின்-டாசோபாக்டம், மெரோபெனம் இரண்டும் காற்றில்லாக் கிருமிகளில் பெரும்பாலானவற்றைத் தனித்தே அடக்கும்.

அப்படியானால், இவற்றோடு மெட்ரோனிடசோலைச் சேர்ப்பதில் பெரும்பாலும் பலனில்லை. அமீபா தொற்று, கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியால் வரும் குடலழற்சி போன்ற சில நிலைமைகள் மட்டுமே விதிவிலக்கு. மிஞ்சுவது குமட்டல், நீண்ட நாள் எடுத்தால் நரம்புப் பாதிப்பு, நல்ல குடல் கிருமிகளின் அழிவு. உணவோ உமிழ்நீரோ நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியாவுக்கும் சீழ்க்கட்டி சந்தேகம் இல்லாவிட்டால் காற்றில்லாக் கிருமிகளுக்கெனத் தனி மருந்து வேண்டாம் என்று 2019-இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதல் சொன்னது.

பிறகும் பழக்கம் ஏன் தொடர்கிறது? சரியான சோதனை இல்லாததால்தான். காற்றுப் பட்டால் சாகும் கிருமியைப் பஞ்சுக்குச்சியில் ஒற்றி அனுப்பினால் ஆய்வகத்தில் என்ன வளரும்? நாற்றமடிக்கும் சீழுக்கு 'வளர்ச்சி இல்லை' என்று அறிக்கை வரும். மருத்துவர் பயத்தில் இன்னொரு மருந்தைச் சேர்ப்பார். இதே பயம்தான் மருந்துக்கடையில், சாதாரணப் பேதிக்கு ஓஃப்ளாக்சசின்-ஆர்னிடசோல் கூட்டு மாத்திரையாகிறது. அங்கே பெரும்பாலும் தேவை உப்பு-சர்க்கரைக் கரைசல்தான்.

எது வலிமையான மருந்து என்பதல்ல கேள்வி. எந்த இடத்துத் தொற்று, எந்தக் கிருமி என்பதே. அதற்குப் பதில் சொல்ல, சீழை ஊசியில் உறிஞ்சி, காற்றுப் படாமல் அனுப்பி, வளர்த்துப் பார்க்கும் வசதி மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களிலாவது வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு: காலை ரவுண்ட்ஸில் மருந்துச்சீட்டைப் பார்த்து, தேவையற்ற இரண்டாவது பாட்டிலைக் கழற்றுவது.